14 அடி உயரத்தில் 62 கிலோ நூல்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மசாலாக் கிடங்கு. என் நூல் கலைவேலைக்கு அங்கேதான் கண்காட்சி. இரண்டாம் நாள் காலையில் அதன் கதவைத் திறந்ததும் என் கண் போனது தரைக்குத்தான். முந்தின நாள் சாயங்காலம், நூலை முறுக்கிச் செய்த சரங்களின் நுனிக்கும் தரைக்கும் நடுவே சரியாக ஒரு சாண் இடம் விட்டு எல்லாவற்றையும் தொங்கவிட்டு முடித்திருந்தோம். அந்த ஒரு சாண் எனக்கு ரொம்ப முக்கியம். நூல் தரையில் படாமல், தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி நிற்க வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் முப்பது, நாற்பது சரங்கள் தரையில் கிடந்தன. மற்றவையும் நாலு விரல், ஐந்து விரல் இறங்கியிருந்தன. அதோடு, முறுக்கியிருந்த சரங்கள் ராத்திரி முழுக்கத் தாமாகவே சுழன்று முறுக்கு விட்டு, பக்கத்துச் சரங்களோடு சிக்கிப்போய் நின்றன.

ஜூலை மாதம், வெளியே நிற்காத மழை. திறப்பு விழா அன்று மாலை 5 மணிக்கு.

அன்றைக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்வதற்கு முன்னால் அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பவானிக்காரி. அப்பா நாற்பது வருடத்துக்கு மேல் ஜமக்காளம் நெய்தவர். எங்கள் வீட்டு முன்னறையில் குழித்தறி இருந்தது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடியும்போது நெய்ய முடியாமல் தறியில் கடைசியாக நிற்கும் நூல், சாயம் ஒத்துவரவில்லை என்று ஒதுக்கிய நூல் சிட்டம், தார்க்குச்சியில் மிச்சம் நிற்கும் குறுக்கு நூலான ஊடை எல்லாம் மூட்டையாகக் கட்டி எடைக்குப் போகும். மெஷின் துடைக்கிற வேஸ்ட்டாக அது ஏதோ ஒரு பட்டறையில் முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அந்த மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்து வளர்ந்தவள் நான். சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் என்று ஜமக்காளத்துக்கே உரிய அந்தப் பளீர் நிறங்கள் எல்லாம் கலந்து கிடக்கும். சோலாப்பூர் பவர்லூம் ஜமக்காளம் வந்து எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறையக் குறைய அந்த மூட்டைகளும் குறைந்தன. அப்புறம்தான் அவற்றை எடைக்கு விடாமல் நானே வாங்கிவைக்க ஆரம்பித்தேன்.

பதினோரு தறிக்காரர்களிடம் இரண்டு வருடம் சேர்த்த நூல் அது. துண்டு நூல் என்பதால் நேராகத் தொங்கவிட முடியாது. நடுவில் முழு நீள நூல் கொஞ்சம் கொடுத்து, அதைச் சுற்றித் துண்டுகளை ஏற இறங்க அடுக்கி, கட்டைவிரல் தடிமனில் முறுக்கி, ஒவ்வொன்றும் 14 அடி நீளமுள்ள 220 சரங்கள் செய்தேன். ஒரு சரம் ஏறக்குறைய 280 கிராம். மொத்தம் 62 கிலோ. ஒரு பக்கம் செம்மண் கலந்த காவிரி நிறம், இன்னொரு பக்கம் பவானி ஆற்றின் பச்சை. இரண்டும் நடுவில் நெருங்கி வரும். இரண்டு ஆறும் எங்கள் ஊரில் கூடும் இடத்தின் பெயரையே எடுத்து 'கூடுதுறை' என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றைக்குக் காலை ஏழரைக்கு அப்பாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாத்தையும் ஒரே பக்கமாத்தான் முறுக்குனயா கண்ணு?" ஆமாம் என்றேன். "அப்ப அது அவுந்துதானே தீரும்? கீழ் நுனி சும்மா தொங்குதல்ல. ரெண்டு ரெண்டாச் சேத்து, கீழ முடிஞ்சு, எதிர்ப்பக்கம் விடு. அதுவா சுத்திக்கிட்டு நின்னுக்கும்."

நானும் அக்கா மகனும் இரண்டு உள்ளூர்த் தொழிலாளர்களும் சேர்ந்து, சரங்கள் தொங்கும் சட்டத்தை இடுப்பளவுக்கு இறக்கினோம். அவிழ்ந்த சரத்துக்கு மறுபடி பழைய பக்கமே முறுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றிக்கொண்டே பக்கத்துச் சரத்தோடு சேர்த்து நுனியை முடிய வேண்டும். முடிந்ததும் கையை விட்டால், இரண்டும் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு எதிர்த் திசையில் விறுவிறுவென்று சுழன்று கயிறாக நின்றுவிடும். முதல் ஜோடி அப்படிச் சுழன்று நின்றதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. 220 சரங்கள் 110 கயிறுகளாயின. இரண்டைச் சேர்த்து முறுக்கினால் நீளம் குறையும். எங்களுக்கு ஏறக்குறைய ஓர் அடி குறைந்தது. அதனால் சட்டத்தையே கொஞ்சம் இறக்கிக் கட்ட வேண்டியதாயிற்று. நடுப்பகுதியில் காவிரிச் சரத்தையும் பவானிச் சரத்தையும் ஜோடி சேர்த்தோம். இரண்டு வருடம் யோசித்தும் எனக்குத் தோன்றாத ஒன்று அந்தப் பதற்றத்தில் அமைந்துவிட்டது. நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்ற வேலை, நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று போகிற வேலையாக மாறியது. நாலே முக்காலுக்கு முடித்தோம்.

அந்த வருடமே சிங்கம்புணரிக்குப் போனேன். சிவகங்கை மாவட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றுக்குப் பேர்போன ஊர். தேர் வடம்கூட அங்கே திரிக்கிறார்கள். கயிற்றுக் களத்தில் ஒரு பெரியவர், என் கையில் இருந்த சரத்தின் துண்டை வாங்கி, இரண்டு விரலால் லேசாகப் பிரித்துப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஒத்தப் புரி எப்பவும் அவிழத்தான் பாக்கும் தாயி. புரியை ஒரு பக்கம் முறுக்கணும், புரிகளைச் சேக்குறப்ப மறுபக்கம் முறுக்கணும். ஒண்ணு அவிழப் பாத்தா இன்னொண்ணு இறுகும். அதுதான் கயிறு." ராட்டில் நார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அங்கே இரண்டு நாள் இருந்தேன். நாரை ஈரப்படுத்தித் திரிப்பார்கள். திரித்த கயிற்றை உடனே சுருட்டாமல் இழுத்துக் கட்டி வைப்பார்கள். அந்த இழுவையிலேயே அது தளர வேண்டிய அளவுக்குத் தளர்ந்துவிடும். அதற்கப்புறம் அது யாரையும் ஏமாற்றாது.

நான் இப்போது எந்தச் சரத்தையும் அப்படிச் செய்யாமல் வெளியே எடுத்துப் போவதில்லை. முறுக்கி முடித்த கயிற்றை நனைத்து, அதன் எடையைப் போல ஒன்றரை மடங்கு எடையுள்ள கல்லைக் கீழே கட்டி, பத்து நாள் தொங்கவிடுகிறேன். முதல் மூன்று நாளில்தான் பெரும்பாலான தளர்ச்சி வந்துவிடும். பத்தாம் நாள் அளக்கிற நீளத்தைத்தான் உண்மையான நீளமாக எடுத்துக்கொள்கிறேன்.

மழையில் இறங்கியதற்கு இன்னொரு காரணம் எடை. பருத்தி காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் உலர் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீரை வைத்திருக்கும் என்பது நூல் வியாபாரத்தில் எடை போடுவதற்கே உள்ள கணக்கு. ஈரோட்டு ஏப்ரல் வெயிலில் நிறுத்த நூல் கொச்சியின் ஜூலையில் அதே எடையாக இருக்காது. கிலோவுக்கு 60, 70 கிராம் கூடினாலும் 62 கிலோவுக்கு 4 கிலோ ஆகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் வீட்டில் போட்ட எடையை வைத்தே எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தேன். சணல் இன்னும் அதிகமாக ஈரம் இழுக்கும். உங்கள் வேலையைக் கோடையில் செய்து மழைக்காலத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால் இந்த எடையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எடை என்று வந்த பிறகு மேலே கட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நூல் வேலை செய்பவர்களில் பலர் நூலைப் பற்றி ஆறு மாதம் யோசித்துவிட்டு, அதைத் தாங்கப் போகிற கூரையைப் பற்றிக் கடைசி நாள்தான் யோசிக்கிறோம். கீழே குழந்தைகள் நடமாடுவார்கள். இதில் கவனக்குறைவுக்கு மன்னிப்பே கிடையாது.

கண்காட்சிக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே நான் கேட்பது கூரையின் போட்டோ. ஃபால்ஸ் சீலிங் என்றால் அது தன் எடையைத் தவிர வேறெதையும் தாங்காது. அதைத் தாண்டி மேலே கான்கிரீட்டுக்குப் போக வழி உண்டா என்று பார்க்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் துளை போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. கொச்சிக் கிடங்கில் தேக்கு உத்தரங்கள் இருந்தன. அகலமான நைலான் பெல்ட்டை உத்தரத்தைச் சுற்றிப் போட்டு, அதில் எஃகு வயர் கோத்துத் தொங்கவிட்டோம். மரம் அறுபடாமல் இருக்க பெல்ட்டுக்கு அடியில் ஜமக்காளத் துண்டை மடித்து வைத்தோம்.

சட்டம் 24 கிலோ, நூல் 62 கிலோ, ஆக 86 கிலோ. எட்டு இடத்தில் கட்டினால் ஓர் இடத்துக்கு 11 கிலோ கூட வராது என்று காகிதத்தில் தோன்றும். அப்படி எடை சமமாகப் பிரிந்து நிற்பதே இல்லை. தூக்கும்போது ஒரு மூலை முன்னால் ஏறும், ஒரு வயர் தொய்யும், அந்த நேரத்தில் இரண்டு இடங்களே மொத்தத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். பந்தல் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் எனக்கு ஓர் எளிய கணக்கு சொல்லிக்கொடுத்தார்: எட்டில் எந்த ஒன்றை எடுத்துக்கொண்டாலும் அது தனியாக மொத்த எடையையும் தாங்க வேண்டும். அப்படித் தாங்காத கட்டு கட்டே இல்லை என்பார். அன்றிலிருந்து அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆங்கர் போல்ட், வயர், கொக்கி எல்லாவற்றிலும் எழுதியிருக்கும் தாங்குதிறனைப் பார்த்து வாங்குகிறேன். எழுதியில்லாத கொக்கியை வாங்குவதில்லை. தூண்டில் நரம்பில் கட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் அழகாக இருக்கும். ஆனால் நைலான் பாரத்தில் நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும். 100 கிராம், 200 கிராம் சிறிய துண்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தியது. 14 அடிச் சரங்களைச் சட்டத்தில் மாட்டித் தூக்கும்போது கீழே மிச்சம் கிடந்து சிக்கிக்கொள்ளும். அதற்கு ஒவ்வொரு சரத்தையும் கீழிருந்து விரலால் சங்கிலி மாதிரி கோத்துச் சுருக்கிவிடுவேன். 14 அடி சுருங்கி 4 அடி ஆகிவிடும். சட்டம் மேலே போய் எல்லா வயரும் இறுகிய பிறகு, நுனியைப் பிடித்து இழுத்தால் சங்கிலி பொலபொலவென்று அவிழ்ந்து இறங்கும். எங்கள் வீட்டில் ஓட்டி முடித்த பாவு நூலை வெயிலிலிருந்து எடுத்து வரும்போது அம்மா இப்படித்தான் கோத்து எடுத்து வருவார். நூறு சரமும் அப்படி அடுத்தடுத்து இறங்கும் அந்தக் கால் மணி நேரத்தைப் பார்க்க கண்காட்சி நடத்துபவர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

என் முதல் வேலையைப் பூச்சி தின்றது. அது 'கூடுதுறை'க்கு முன்னால். ஒரு சிறிய கண்காட்சியில் வைத்துவிட்டு, மூட்டையாகக் கட்டி பரண் மேல் போட்டேன். ஐந்து மாதம் கழித்து எடுத்தால் மூக்கை அடைக்கும் பூசண வாசம், நூலெல்லாம் அரித்து அரித்துத் தூள் தூளாக உதிர்கிறது. ராமபாணப் பூச்சி. பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டிருக்கும் என்பது நெசவாளர் வீட்டுப் பெண்ணான எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அது தறிக்குப் போகிற நூல் என்ற நினைப்பிலேயே இருந்தேன். கலையாக மாறிய நூலிலும் அதே கஞ்சி இருக்கிறது, பூச்சிக்கு அது சோறு என்று தோன்றவில்லை. இப்போது பாவு நூல் எது வந்தாலும் ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வெந்நீரில் இரண்டு முறை அலசி, வழுவழுப்பு போய்விட்டதா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நிழலில் உலர்த்துகிறேன். அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கஞ்சி மிச்சம் இருந்தால் கருநீலமாகிவிடும்.

சேமித்து வைப்பதிலும் அப்போதுதான் புத்தி வந்தது. மூட்டை கட்டுவதில்லை. மடிப்பதும் இல்லை, மடிப்பு விழுந்த இடத்தில்தான் நூல் முதலில் இற்றுப்போகும். கயிறுகளைப் பெரிய வட்டமாகச் சுருட்டி, நன்றாகத் துவைத்துக் கஞ்சி போன பழைய வேட்டியில் பொதிந்து வைக்கிறேன். நெய்த பரப்பாக இருந்தால், துணி சுற்றிய பிவிசி குழாயில் சுருட்டி வைக்கலாம். பிளாஸ்டிக்கில் மூடி அடைத்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும். ஒரு துணி முடிச்சில் வசம்பு போட்டு வைப்பேன், அம்மா பட்டுப்புடவைக்குச் செய்வது போல. இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்துக் காற்றாட வைப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

சாயத்தில் பட்ட அடி இன்னொன்று. மஞ்சளில் தோய்த்த நூலை மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே தொங்கவிட்டேன். பன்னிரண்டே நாளில் சன்னல் பக்கம் முழுக்க வெளிறி, பின்பக்கம் மட்டும் மஞ்சளாக நின்றது. மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலைத் தாங்காது. அவுரி நீலம் தாங்கும் அளவுக்கு அது ஒருபோதும் தாங்காது. துணிகளுக்கு அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். அது கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் வெளிச்சம். கண்காட்சி அரங்குகளில் போட்டோவுக்காகப் பளீரென்று வைத்துவிடுகிறார்கள். நான் அதற்காகச் சண்டை போடுவதில்லை, வெளிறாத நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறேன். சாயப்பட்டறை நூலானாலும் ஈர வெள்ளைத் துணியில் சுற்றி அயர்ன் செய்து, துணியில் கறை இறங்குகிறதா என்று பார்க்காமல் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோவதில்லை.

தீ. பருத்தி எரியும், தொங்கும் பருத்தி அடியிலிருந்து மேலே மிக வேகமாக எரியும். வெண்காரம் 7 பங்கு, போரிக் அமிலம் 3 பங்கு, தண்ணீர் 100 பங்கு என்ற கரைசலில் நனைத்து உலர்த்தினால் நூல் பற்றிக்கொள்ளாமல் கருகி அணைந்துவிடும். கையுறை போட்டுத்தான் செய்ய வேண்டும். அதே நூலில் ஒரு சாண் வெட்டி, வெட்டவெளியில் தீக்குச்சி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். தண்ணீர் பட்டால் இந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் வெளியில் வைக்கிற வேலைக்கு உதவாது. அரங்கில் முறையான சான்று கேட்டால் இந்த வீட்டு முறை போதாது, அதற்கென்று உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

2015 ஜனவரியில் டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் வேலைகளைப் பார்த்தேன். சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிய உருவங்கள். பெண் தெய்வம் என்றும் சொல்லலாம், பூ என்றும் சொல்லலாம். ஒரு வேலையின் முன்னால் நின்று முடிச்சுகளை எண்ணப் பார்த்தேன், ஒரு கை அகலத்துக்குள்ளேயே எண்ணிக்கை தப்பிப்போனது. எல்லாம் கையால் போட்ட முடிச்சு. கண்காட்சி திறந்த சில நாளிலேயே அவர் இறந்துபோனார் என்று அப்புறம் தெரிந்தது. அந்த உருவங்கள் பலவற்றுக்கு உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறது, கயிறு அதன் மேல் சாய்ந்து நிற்கிறது. போலந்தில் மக்தலேனா அபகனோவிச் 1960களில் துறைமுகங்களில் கிடந்த பழைய கற்றாழைநார்க் கயிறுகளைச் சேர்த்து, பிரித்து, சாயம் ஏற்றி, ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய உருவங்களாக நெய்தார். வேண்டாம் என்று ஒதுக்கியதிலிருந்து ஆரம்பித்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். அமெரிக்காவில் பிறந்து பாரிஸில் வாழும் நூல் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் 1960களில் கோழிக்கோடு காமன்வெல்த் டிரஸ்ட் நெசவாலையில் நம் பக்கத்து நெசவாளர்களோடு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். அங்கே உருவான ஒரு தடித்த துணிக்கு வடகரையின் பழைய பெயரான 'படகரா' என்றே பெயர் வைத்தார்.

இவர்களை எல்லாம் பார்த்துவிட்டு ஊருக்கு வந்த வருடத்தில்தான் கும்பகோணத்தில் ஒரு தேரோட்டத்தில் தொம்பைகளை நின்று பார்த்தேன். சின்ன வயதில் பார்த்ததுதான். துணியில் துணி ஒட்டித் தைத்த அந்த நீண்ட உருளைகள் தேரின் நாலு பக்கமும் தொங்கி, தேர் குலுங்கும்போது ஒரே சமயத்தில் ஆடின. உருளை என்பதால் அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. தெருவின் எந்தப் பக்கம் நிற்பவருக்கும் அது முகம்தான் காட்டுகிறது. என் வேலைகளை நான் அதுவரைக்கும் சுவரில் மாட்டும் படம் போல முன்பக்கம் பார்த்தே செய்துகொண்டிருந்தேன். சுற்றி நடந்து பார்க்கிற மாதிரி செய்ய ஆரம்பித்தது அந்தத் தேரைப் பார்த்த பிறகுதான்.

பார்க்க வருபவர்கள் தொடுவார்கள். நூலைப் பார்த்தால் கை போகும், அது தப்பே இல்லை. 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்த கண்காட்சிகளில் மூலைச் சரங்கள் ஒரு வாரத்தில் அழுக்கேறிப் போயின. கொச்சியில் வாசலுக்குப் பக்கத்தில் தனியாக மூன்று கயிறு தொங்கவிட்டு 'இதைத் தொட்டுப் பாருங்கள்' என்று எழுதினேன். எல்லோரும் அங்கேயே பிடித்து, முகர்ந்து, முறுக்கிப் பார்த்துவிட்டு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு போனார்கள். பார்வையற்ற ஒரு பெண் அந்த மூன்று கயிறுகளிடமும் அரை மணி நேரம் நின்றார். இதில் ஒன்று மட்டும் வேறு பக்கம் முறுக்கியிருக்கிறதே என்றார். சரிதான், அது நான் இடது கையால் முறுக்கிய கயிறு. அதுவரை வந்த யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. ஒரு கண்காட்சியில் வேலையைக் காட்டுவதே பெரிய வாய்ப்பு என்று சொல்லி அழைத்தார்கள். லாரி, ஏணி, சாரம், கட்டும் ஆட்கள், திரும்பக் கொண்டுவருவது எல்லாம் என் தலையில் விழுந்தன. நூலுக்கு ஆன செலவை விட அதைத் தொங்கவிட ஆன செலவு அதிகம். இப்போது முதல் கடிதத்திலேயே இந்த ஐந்தையும் பெயர் சொல்லி எழுதி, எது யார் செலவு என்று கேட்டுவிடுகிறேன். இறக்கும் நாளுக்கும் ஆள் கேட்கிறேன். ஏற்றும்போது பத்துப் பேர் இருப்பார்கள், இறக்கும்போது யாருமே இருக்கமாட்டார்கள். சேதம் நடப்பது பெரும்பாலும் அன்றைக்குத்தான். கயிறு ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணிப் பட்டையைத் தைத்து, எந்த எண் சட்டத்தில் எந்த ஓட்டையில் என்று ஒரு வரைபடம் வைத்திருந்தால் நீங்கள் இல்லாமலும் அதை மறுபடி கட்ட முடியும்.

அப்புறம் பெயர்கள். 'கூடுதுறை' எங்கே வைத்தாலும் நூல் கொடுத்த பதினோரு தறிக்காரர்களின் பெயரும் சுவரில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறேன். இடம் போதாது என்று ஒரு முறை 'பவானி நெசவாளர்கள்' என்று சுருக்கி அச்சிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி அச்சாகி வரும் வரைக்கும் பேப்பரில் கையால் எழுதி ஒட்டினேன். அந்த நூலை அவர்கள் விற்றார்கள், நான் வாங்கினேன், அதோடு கணக்கு முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. நிறத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சையை வைக்கலாம் என்று கண்டவர்கள் அவர்கள்தான்.

கொச்சியில் மூன்றாவது வாரம் அப்பாவை அழைத்துப் போனேன். மழை விட்டிருந்தது. உள்ளே போனவர் நேராக நடுவில் போய் நின்றார். அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார். அப்புறம் குனிந்து கயிற்றின் நுனியையும் தரையையும் பார்த்தார். ஒரு கயிற்றைப் பிடித்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மாரியப்பன் தறிப் பச்சை" என்றார். மாரியப்பன் தறி நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. அப்பா அந்தக் கயிற்றைக் கையில் வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். நான் பக்கத்தில் போகவில்லை.

இப்போது எந்த வேலை செய்தாலும் அதில் ஒரு கயிறு அதிகமாகச் செய்து, எங்கள் வீட்டு முன்னறையில் பழைய குழித்தறிக்கு மேலே தொங்கவிட்டு வைக்கிறேன். நுனி எங்கே நிற்கிறதோ அங்கே சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதிவிடுவேன். இப்போது நாலு கயிறு தொங்குகின்றன. சித்திரையில் ஏறும், ஐப்பசியில் இறங்கும். கோடு போடுவதை அப்பா எடுத்துக்கொண்டுவிட்டார். போன ஐப்பசி அடைமழையில் 'கூடுதுறை'க் கயிறு ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. காலையில் காபி கொடுக்கப் போனபோது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்கு எதிரே உட்கார்ந்து தேதி எழுதிக்கொண்டிருந்தார்.